மடியிலேயே இருக்கட்டும்

வேண்டாம்மா, பையைக் கீழே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒண்ணும் பெரிசா இல்லை. நீங்க நல்லா சாய்ஞ்சு உட்காருங்க. என் முழங்கை உங்களை இடிக்குதா? இடிச்சா சொல்லுங்க, ஒடுங்கிக்கிடுறேன். மேலே கம்பித் தட்டிலே வைங்கன்னு கண்டக்டர் தம்பியும் சொல்லிட்டுத்தான் போனார். வண்டி குலுங்குற குலுக்கலுக்கு அங்கேயிருந்து விழுந்துட்டா என்ன செய்ய? இது தரையிலே படக் கூடாதும்மா.

கோவில்பட்டி தாண்டி எவ்வளவு நேரம் ஆச்சு? இன்னும் சாத்தூரே வரலையே. இந்த டிரைவர் முன்னாலே போற டிராக்டரைத் தாண்டவே மாட்டார் போல. எனக்குத் தெரிஞ்ச கொம்பையா அண்ணாச்சின்னு ஒருத்தர், அவர் இந்த வண்டியிலே இருந்திருந்தார்னா இந்நேரம் டிரைவரை எழுப்பிவிட்டுட்டுத் தானே ஓட்ட உட்கார்ந்திருப்பார். சரி, அதை விடுங்க.

உள்ளே என்னன்னு பார்க்கிறீங்க. கேட்டுடுங்க, அதிலே என்ன. மண்ணு. ஆமா, மண்ணுதான். ஒரு கைப்பிடி மண்ணு. மஞ்சத்துணியிலே முடிஞ்சு, அதை இந்தப் பைக்குள்ளே வச்சிருக்கேன். கண்டக்டர் தம்பிகிட்டச் சொன்னதும், "ஏம்மா, மதுரையிலே மண்ணுக்கு அவ்வளவு தட்டுப்பாடா"ன்னு கேட்டார். நானும் சிரிச்சு வச்சேன். வேற என்ன சொல்லட்டும்? பேச்சியம்மனைக் கூட்டிட்டுப் போறேன், அவளுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் கொடுங்கன்னு கேட்க முடியுமா?

நான் வேதக்காரிம்மா, கிறிஸ்தவச்சி. பேர் தங்கபுஷ்பம். பிறந்தது பாளையங்கோட்டைப் பக்கம், கட்டிக்கொடுத்தது மதுரையிலே. நெத்தியிலே திருநீறு இருக்கேன்னு பார்க்கிறீங்களா? இன்னுமா இருக்கு? நான் வேர்வையிலே அழிஞ்சிருக்கும்னு நினைச்சேன். அது இந்த மண்ணை எடுத்துக் கொடுத்த பூசாரி பண்ணின வேலை. வேண்டாம்னு நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளே இழுவிட்டார். துடைச்சிருப்பேன். கையை எடுத்தா பை சாயுது. இறங்கினதும் துடைச்சுக்கிடலாம்.

செருப்பா? செருப்பு வார் அறுந்துபோச்சும்மா. ஒண்ணுதான் அறுந்துச்சு. ஒண்ணை மட்டும் மாட்டிக்கிட்டு நடந்தா சனங்க சிரிக்காதா? அதனாலே ரெண்டையும் கழற்றிக் கூடையிலே போட்டுட்டேன். மத்தபடி வெறுங்காலோட போகணும்னு எல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லை. பூசாரி சொன்னார்தான். அவர் ஆயிரம் சொல்வார்.

எங்க வீட்டுப் பக்கத்திலே ஒரு முதியோர் இல்லம் இருக்கு. ஒரு டிரஸ்ட் நடத்துது. எல்லா ஜாதியும், எல்லா மதமும் உண்டு. எங்க வீட்டுக்காரர் போன பிறகு வீட்டிலே சும்மா இருக்க முடியலை. பிள்ளைகள் ரெண்டும் வெளியூர். மூத்தவன் சார்ஜா, இளையவ பியூலா பெங்களூர். அப்பதான் புதன்கிழமை தோறும் அங்கே போய் ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன். ஊழியம்னு சொன்னா பெரிய வார்த்தை. ஒவ்வொரு கட்டிலாப் போய், கையைப் பிடிச்சு, பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவேன். வயசான காலத்திலே மனுசருக்கு என்ன வேணும், சொல்லுங்க. ஆறுதல்தானே. அதைத்தானே நான் கொடுக்கிறேன். யாரையும் நான் கட்டாயப்படுத்தினது இல்லை. கையை இழுத்துக்கிட்டா நான் காலைப் பிடிச்சு ஜெபம் பண்ணிட்டுப் போயிருவேன், அவ்வளவுதான்.

கொம்பையா அண்ணாச்சிதான் மொத நாளிலேயே கையையும் கொடுக்கலை, காலையும் கொடுக்கலை. லாரி டிரைவர். பம்பாய், கல்கத்தா எல்லாம் ஓட்டின மனுசன். சம்சாரம் இல்லை. மகன் திருப்பூரிலே இருக்கான், எப்ப போன் போட்டாலும் "வாறேன் வாறேன்"பான். நான் அறைக்குள்ளே போனாலே, "ஏ அல்லேலூயா, இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர் ஜெபம்"னு கேப்பார். பக்கத்துக் கட்டில்காரருக்கு நான் ஜெபம் பண்ணிக்கிட்டிருப்பேன், கொஞ்சம் நீண்டுட்டா போதும், இவர் வாயாலே ஹாரன் அடிப்பார். பாம், பாம்னு. வழி விடச் சொல்றாராம். மொத்த அறையும் சிரிக்கும். கண்ணை மூடியிருக்கிற எனக்கே சில நாள் சிரிப்பு வந்துரும், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இருங்கம்மா, பாலம் வருதா? இதுதானே சாத்தூர் ஆறு? ஒரு நிமிஷம் பேசாம இருங்க.

ஆச்சு. ஒண்ணுமில்லை, மனசுக்குள்ளே ஒரு ஜெபம். நான் எந்தப் பாலத்துக்கும் ஜெபம் பண்றதுதான். தண்ணியைத் தாண்டும்போது பண்றது நல்லது.

அந்தப் பூசாரி வேற ஒண்ணு சொல்லிவிட்டிருக்கார். ஆறு, ரயில் பாதை இதெல்லாம் தாண்டும்போது அந்தப் பேச்சியம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டே வரணுமாம். "வா தாயி, ஆத்தைத் தாண்டப்போறோம், கூடவே வா"ன்னு. கூப்பிடலைன்னா அங்கேயே இறங்கிருவாளாம். நான் எப்படிம்மா கூப்பிடுவேன்? என் நாக்கு என்னத்துக்குப் பழகியிருக்கு? அதனாலேதான் ஜெபம் பண்ணினேன்.

என்னமோ பை கொஞ்சம் கனம் குறைஞ்ச மாதிரி இருக்கு. உங்களுக்கு அப்படித் தோணுதா? நீங்க தூக்கவே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும். காலையிலேயிருந்து சாப்பிடாத வயிறு, அப்படித்தான் தோணும். சோறு கொண்டுவந்திருக்கேன். கருவாட்டுக் குழம்பு. காலையிலே யோசிக்காமக் கட்டிட்டேன். அந்தத் தூக்குச்சட்டியை அந்தப் பக்கம் கம்பிக்கு ஓரமாத் தள்ளி வச்சிருக்கேன் பாருங்க. இதுக்குப் பக்கத்திலே இருக்க வேண்டாம்னு. எனக்குப் பசியும் இல்லை. நீங்க வேணும்னா சாப்பிடுங்க.

எங்கே விட்டேன்? ரிஸ்வானாவைப் பத்திச் சொல்லலையே. இந்த அலைச்சலுக்கு எல்லாம் மூல காரணம் அந்தப் பிள்ளைதான்.

இல்லத்துக்குப் போன வருஷம் புதுசா வந்த பிள்ளை. சமூகப் பணி படிச்சிருக்கா. தலையிலே முக்காடு போட்டுக்கிட்டு, பேனாவைக் காதிலே சொருகிக்கிட்டு, கட்டில் கட்டிலாப் போய் உட்கார்ந்துக்கிடுவா. "தாத்தா, எதை நினைச்சா உங்க மனசு அடங்குது? எதை நினைச்சா அடங்க மாட்டேங்குது?" இதுதான் கேள்வி. மாத்திரை, சாப்பாடு, துணிமணி மாதிரி இதுவும் வயசானவங்களுக்கு ஒரு தேவையாம். அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடுறதும் அவ வேலையாம். அதுக்குன்னு படிப்பிலே ஒரு பாடமே இருக்காம். நான் சொன்னேன், "பாப்பா, இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட வேண்டியதே இல்லையே, ஜெபம்தான் தேவை." அவ சிரிச்சா. "கேட்டுட்டு ஜெபம் பண்ணுங்க புஷ்பாம்மா, அவ்வளவுதான் நான் சொல்றது"ன்னா.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. நான் கேட்டுட்டா மூச்சு விடுறேன்?

அவ சொன்னபடியெல்லாம் நடக்க ஆரம்பிச்சுதும்மா அங்கே. ஒரு வாத்தியார் இருக்கார், சாமி இல்லைங்கிற ஆளு. என்னை யாரும் ஜெபம் பண்ணித் தொந்தரவு செய்ய வேண்டாம், தினம் பேப்பரை உரக்க வாசிச்சுக் காட்டினா போதும்னுட்டார். அதுக்கும் ஒரு ஏற்பாடு. ஒரு அம்மா விடியற்காலம் எழுந்து கோலம் போடணும்னாங்க. கை நடுங்குது, கோடு கோணல்மாணலா வருது, ஆனா வாசல் அவங்களுக்குத்தான். பேப்பரும் கோலமும் எப்படிம்மா ஆத்துமத் தேவை ஆகும்? எனக்குப் பிடிபடலை.

ஆனா அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. மத்தியானம் ஸ்டோர் ரூமுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிடுவா. தூங்கப் போறான்னு நினைச்சு ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அரிசி மூட்டைக்கு நடுவிலே சின்னப் பாயை விரிச்சுத் தொழுதுக்கிட்டிருந்தா. நான் பேசாமத் திரும்பிட்டேன். அவ்வளவு சீக்கிரம் ஒரு தொழுகை முடியுமான்னு எனக்கு ஆச்சரியம். என்னாலே ஒரு கட்டிலையே அதுக்குள்ளே முடிக்க முடியாது.

ஒருநாள் என்கிட்டயும் அதே கேள்வியைக் கேட்டா. "உங்க மனசு எதிலே அடங்குது புஷ்பாம்மா"ன்னு. நான் கொடுக்கிற ஆளு பாப்பா, கேக்கிற ஆளு இல்லைன்னுட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. உஷ்ணம்.

விருதுநகர் வந்திருச்சா? தூரத்திலே தெரியுது, இல்லே? சீக்கிரம் போகட்டும். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலே வார்டு கதவைச் சாத்திருவாங்களாம்.

கொம்பையா அண்ணாச்சிக்குச் சர்க்கரை. வலது கால் விரலிலே ஒரு கொப்புளம் வந்துச்சு. அவர் ஊதி ஊதி மறைச்சு வச்சிருந்தார். கடைசியிலே விரல் கறுத்து, பாதம் கறுத்து, பெரிய ஆஸ்பத்திரியிலே கொண்டுபோய்ச் சேர்த்தாச்சு. முழங்காலுக்குக் கீழே எடுக்கணும், எடுக்கலைன்னா விஷம் உடம்பு பூரா ஏறிரும், ஆளு தங்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். மகன் போனிலே, "அப்பா சொல்றபடி செய்யுங்க"ங்கிறான்.

நேத்து நானும் போனேன். ரிஸ்வானாதான் ரெண்டு நாளா அவர்கூட இருக்கா. கட்டில் ஓரமா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கா, ஒரு வார்த்தை பேசலை. சும்மா உட்கார்ந்திருந்தா ஆச்சா, புத்தி சொல்ல வேண்டாமா? நான் சொன்னேன். "அண்ணாச்சி, ஒரு காலிலே என்ன இருக்கு, உயிர் பெரிசில்லையா"ன்னு.

அவர் என்னைப் பார்த்தார். ஹாரன் அடிக்கலை.

"எடுக்கட்டும்மா. போற வயசுல காலு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. ஆனா இந்தக் காலு எனக்கு மட்டும் சொந்தம் இல்ல, கேட்டியா. எங்க பேச்சிக்கு நான்தான் சாமியாடி. வருசா வருசம் கோயில் கொடைத் திருவிழாவுல அவ இந்தக் காலுலதான் வந்து இறங்குவா. மொத இந்தப் பெருவிரல் நடுங்கும், பொறவுதான் மேல ஏறுவா. லாரியில எங்க கிடந்தாலும் கொடைக்கு வந்து அந்த மண்ணுல நின்னுருவேன். அவ குடியிருந்த காலை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படி வெட்டக் கொடுப்பேன்? வாடகை வீட்டைக் காலி பண்ணுறவன்கூடச் சொல்லிட்டுத்தான காலி பண்ணுவான்?"

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கலை. ஆனா மனுசன் கண்ணு கலங்கியிருந்துச்சு. இப்ப விட்டா ஆளு போயிருவார்னு பயம் எனக்கு. அந்தப் பதட்டத்திலே வாய் விட்டுட்டேன். "அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. இயேசுவின் நாமத்தினாலே சொல்றேன், எதுவானாலும் கொண்டாந்து தாரேன். வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

நான் என்ன நினைச்சேன்? ஆட்டுக்கால் சூப்பு கேப்பார். இல்லே மகனைப் பார்க்கணும்பார். அதுக்குத் திருப்பூருக்குப் பஸ் ஏறினாலும் ஏறிரலாம்னு இருந்தேன்.

அவர் தலையணையிலேயிருந்து தலையைத் தூக்கினார். "எதுவானாலுமா?"

"எதுவானாலும்."

"உங்க சாமி பேர்ல சொல்லிட்டே. மாற மாட்டியே?"

ரிஸ்வானா வாயைப் பொத்திக்கிட்டா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவகிட்ட அவர் எப்பவோ சொல்லியிருக்கார், அவளும் மகனுக்குச் சொல்லிவிட்டு, அவன் "பார்க்கலாம்"னுட்டான். எனக்கு என்ன தெரியும்?

"எங்க பேச்சி கோயில் பிடிமண்ணு கொண்டா. நான் போக முடியாது, அவ வரட்டும். அதுல காலை வச்சு விவரத்தைச் சொல்லிட்டு, பொறவு கையெழுத்துப் போடுதேன்."

உங்களுக்குப் பிடிமண் தெரியுமா? சாமியை ஒரு இடத்திலேயிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோறதுன்னா அந்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்துட்டுப் போவாங்க. அதோடயே சாமியும் வருமாம். வழியிலே எங்கே கீழே வச்சாலும் அங்கேயே உட்கார்ந்துக்கிடுமாம். நான் நம்பலைம்மா. மண்ணு மண்ணுதான். ஆனா வாக்கு யார் பேர்லே கொடுத்தேன்? மீறினா யார் பேருக்கு இழுக்கு?

போதகர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலாமான்னு நினைச்சேன். கேட்டா வேண்டாம்னு சொல்வார். வேண்டாம்னு சொன்ன பிறகு போனா அது கீழ்ப்படியாமை. அதனாலே கேட்கலை. விடிஞ்சதும் கிளம்பி வந்துட்டேன். இதுவும் ஒரு ஊழியம்தானே. இந்த மண்ணைக் கொடுத்துட்டா, நாளைக்கு அவர் என் பேச்சைக் கேட்க மாட்டாரா? கால் போன மனுசன் ஹாரன் அடிச்சுக்கிட்டா இருப்பார்? அப்ப ஆண்டவரைப் பத்தி நிதானமாச் சொல்லலாம்.

அந்தக் கோயில் எங்கேன்னு நினைக்கிறீங்க? கோவில்பட்டியிலேயிருந்து மினிபஸ் பிடிச்சு உடையங்குளம் விலக்கிலே இறங்கணும். ஊருக்குள்ளேகூட இல்லை. நாலுவழிச் சாலைக்கு ஓரத்திலே, ஒரு உடைமரத்தடியிலே, சுண்ணாம்பு அடிச்ச பீடம். கூரை கிடையாது. லாரி ஒவ்வொண்ணும் தாண்டும்போது ஒரு ஹாரன் அடிச்சுட்டுப் போகுது. கும்பிடு போடுறாங்களாம். அதைக் கேட்டதும் எனக்கு நம்ம அண்ணாச்சி பாம் பாம்னது ஞாபகம் வந்துச்சு. என் ஜெபத்துக்கு நடுவிலே அவர் அடிச்சதும் இதேதானோ, என்னவோ. கேலிதான். கேலியாத்தான் இருக்கும்.

பூசாரி தீப்பெட்டி ஆபீஸிலே வேலை பார்க்கிறவர். ஆளனுப்பிக் கூப்பிட்டா மொபெட்டிலே வந்து இறங்கினார். கொம்பையான்னு பேரைச் சொன்னதும் அப்படியே நின்னுட்டார். "மாமா உசுரோட இருக்காகளா?" அஞ்சாறு கொடையா ஆளைக் காணோமாம். அவர் வராததாலே பேச்சி யார் மேலேயும் இறங்கலையாம். இறங்காத சாமிக்கு மேளம் அடிச்சு அடிச்சு எங்க கைதான் வலிச்சுச்சுன்னார்.

"பிடிமண்ணு பங்காளிக்குத்தான் கொடுக்கணும். நீங்க மாமாவுக்கு என்ன வேணும்?"

தங்கச்சின்னுட்டேன். பொய் இல்லைம்மா. எங்க சபையிலே எல்லாரும் சகோதர சகோதரிகள்தானே.

நாங்க நகை போடுறதில்லை, அவர் என் வெறுங்கழுத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார். "தங்கச்சி வேதத்துல போயிட்டீகளாக்கும்"னார். "அதுக்கென்ன, பொறந்த வீட்டுக்கு வர எந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு"ன்னுட்டுச் செருப்பைக் கழற்றச் சொன்னார். பீடத்துக்குப் பின்னாலே கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். சூடா இருந்துச்சும்மா அந்த மண்ணு. வெயில்பட்டா சூடாத்தானே இருக்கும்.

துணியிலே முடிஞ்சு என் கையிலே கொடுக்கும்போது ஒண்ணு கேட்டேன் அவர்கிட்ட. இப்படி எந்த இடத்து மண்ணையும் எடுத்துட்டுப் போகலாமா, கோயிலாத்தான் இருக்கணுமான்னு. "ஏன், உங்களுக்கு எந்த இடத்து மண்ணு வேணும்?"னார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். பியூலா அடுத்த மாசம் வந்து என்னைப் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறா. ஒரேயடியா. மதுரை வீட்டை விலைக்குக் கொடுக்கப் போறாங்க. எங்க வீட்டுக்காரரை அடக்கம் பண்ணி வச்சிருக்கிறது பாளையங்கோட்டையிலே, அவுகளுக்கும் பூர்வீகம் அதுதான், அவுக அப்பா அம்மா பக்கத்திலே. மாசம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து, கல்லறையைச் சுத்திப் புல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போவேன். இனிமே எங்கே. பெங்களூரிலேயிருந்து அது நடக்குற காரியமா? பியூலா சொல்றா, ஜெபம் எல்லாம் டிவியிலேயே பார்த்துக்கலாம்மா, அங்கே ஒரு குறையும் இருக்காதுன்னு. எனக்கென்ன குறை.

போன் அடிக்குதா? என்னுதுதான். கூடையிலே இருக்கும்மா, கொஞ்சம் எடுத்துத் தாறீங்களா? என்னாலே கையை எடுக்க முடியலை. பச்சைப் பொத்தானை அமுக்கி என் காதிலே வைங்க. அப்படித்தான்.

சொல்லு பாப்பா. விருதுநகர் தாண்டிட்டேன். என்னது? எப்ப? காலையிலேன்னுதானே சொன்னாங்க? சரி. சரி. காய்ச்சல் எவ்வளவு? ஐயோ ஆண்டவரே. கையெழுத்து? அவர்கிட்டக் கொடு.

அண்ணாச்சி, நான்தான். பஸ்ஸிலேதான் வாறேன். ஆமா, மடியிலேதான். வைக்கலை, எங்கேயும் வைக்கலை. நீங்க போட்டுருங்க அண்ணாச்சி, நான் வந்துருவேன். அண்ணாச்சி?

வச்சுட்டாரும்மா. காய்ச்சல் ஏறிருச்சாம். காலை வரைக்கும் தாங்காது, இன்னைக்கு ராத்திரியே எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஏழு மணிக்குள்ளே கையெழுத்து வேணுமாம். இவர், "அல்லேலூயா வரட்டும்"னு ஒரே பிடியா இருக்காராம். என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? "அவளைக் கீழ வச்சிறலையே?" அதான். குரலே இல்லைம்மா அவருக்கு. என்னமோ கிணத்துக்குள்ளேயிருந்து வருது.

ரிஸ்வானா எல்லாம் தயாரா வச்சிருக்காளாம். இல்லத்திலேயிருந்து பெரிய தாம்பாளம் கொண்டாந்திருக்கா. நர்சம்மாகிட்டப் பேசிட்டாளாம். புண்ணிலே மண்ணு படக் கூடாது, கட்டுக்கு மேலே கவர் சுத்தித்தான் வைக்கணும், அஞ்சு நிமிஷம்தான்னு சொல்லி ஒத்துக்கிட்டாங்களாம். "கவரைப் போட்டா அவளுக்கு என் காலு தெரியுமா"ன்னு அண்ணாச்சி கேட்டாராம். "அத்தனை வருஷம் குடியிருந்தவங்களுக்கு வாசல் தெரியாதா தாத்தா"ன்னாளாம் அந்தப் பிள்ளை. எங்கேயிருந்து வருது இந்தப் பேச்சு அவளுக்கு? அவளும்தானே ஒரே ஆண்டவரைக் கும்பிடுறவ?

டிரைவர் தம்பி, கொஞ்சம் வேகமாப் போகக் கூடாதா? கேட்டிருக்காது.

அடுத்தது திருமங்கலம். அங்கே ஒரு ஆறு இருக்கு, இல்லே? தண்ணி இல்லாட்டாலும் ஆறு ஆறுதானே. ஏம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க பொட்டு வச்சிருக்கீங்க. உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்கும். பாலத்திலே போகும்போது நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டுருங்களேன். "வா தாயி"ன்னு. மெதுவாச் சொன்னாலும் போதும். நான் கூப்பிட்டாத்தான் குத்தம், நீங்க கூப்பிட்டா யாருக்கு என்ன?

அப்படியா. உங்க வீட்டிலே இந்தச் சாமியெல்லாம் இல்லையா. பொட்டு அழகுக்குத்தானா. அதுவும் சரி. தூக்கிட்டு வர்றவங்கதான் கூப்பிடணும்னும் இருக்கலாம். பூசாரி அதைத் தெளிவாச் சொல்லலை.

இதுதான் அந்தப் பாலமா? ஐயோ, தாண்டிட்டமா? பேச்சுவாக்கிலே ஜெபம்கூடப் பண்ணலையே.

சாத்தூரிலேயே அந்தம்மா இறங்கியிருந்தா? நான் கூப்பிடலையே. இறங்கினா இறங்கட்டும், எனக்கென்னன்னு இருக்க முடியலை. நான் நம்பலை, அது வேற. ஆனா அவர் நம்புறார். அவர் காலை வைக்கும்போது அந்தப் பெருவிரல் நடுங்கணும். அதுக்குத்தானே அந்த மனுசன் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார்? வெறும் மண்ணைக் கொண்டுபோய் நீட்டினா அவருக்குத் தெரிஞ்சுபோகும்மா. டிரைவருக்கு வண்டியிலே ஆள் இருக்கா, காலி வண்டியான்னு தெரியாதா? தாம்பாளத்திலே காலை வச்சுட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன அல்லேலூயா, காலி வண்டியா வந்திருக்கே"ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஜெபம் பண்ணினேன்னா சொல்லுவேன்?

அவருக்காக நான் எத்தனையோ புதன்கிழமை ஜெபம் பண்ணியிருக்கேன். ஒருநாளும் அவர்கிட்ட என்ன வேணும்னு கேட்டதில்லை. நேத்துத்தான் கேட்டேன். அதுவும் பயத்திலே.

ரிங் ரோடு வந்திருச்சா? மணி என்னம்மா? ஆறே காலா. மாட்டுத்தாவணியிலே இறங்கி ஆட்டோ பிடிச்சா போயிரலாம், இல்லே? போயிரலாம். நீங்க மாட்டுத்தாவணிதானே? இறங்கும்போது அந்தக் கூடையை மட்டும் எடுத்துத் தந்துருங்க. பை வேண்டாம், பையை நானே வச்சுக்கிடுவேன். தூக்குச்சட்டியை விட்டுட்டாலும் பரவாயில்லை.

அந்த வெளிச்சம் வரிசையாத் தெரியுதே, அது என்ன? வைகைப் பாலமா?

சரி.

அம்மா, நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுறீங்களா? எனக்குக் கூச்சமா இருக்கு. இல்லே, வேண்டாம், இருக்கட்டும், யார் கேட்டா என்ன.

ஆண்டவரே, நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க. நான் உங்களை விட்டு எங்கேயும் போகலை. இந்தம்மாவுக்கும் இடம் வேணும், அவ்வளவுதான். நீங்களும் கூடவே வாங்க, வார்டுக்குள்ளே எனக்குப் பயமா இருக்கும்.

பேச்சி. பேச்சித் தாயி. நான் தங்கபுஷ்பம். கொம்பையா அண்ணாச்சி தங்கச்சி. சாத்தூரிலே நான் உன்னைக் கூப்பிடலை, மனசிலே வச்சுக்கிடாதே. திருமங்கலத்திலேயும் கூப்பிடலை. எனக்குப் பழக்கம் இல்லை தாயி. எங்கேயாவது நீ இறங்கி நின்னிருந்தா ஓடி வந்துரு, இந்த வண்டி மெதுவாத்தான் போகுது. வைகை வந்திருச்சு. வா தாயி, தாண்டப் போறோம். அங்கே ஒரு மனுசன் காலை நீட்டிக்கிட்டு உனக்காகக் காத்திருக்கார். வா. கூடவே வா.